ஆறு ஸ்டூடியோ கைகாரர்கள், ஒன்பது பாடல்கள்: 'இல் வோலோ'வின் 1974 முதல் ஆல்பம்

'இல் வோலோ' என்று இன்று தேடினால் முதலில் வருவது ஓபரா பாணியில் பாடும் மூன்று இளைஞர்களின் குழு. 2015-இல் சான் ரெமோ பாட்டுப் போட்டியில் வென்றவர்கள். இந்தக் கட்டுரை பேசுவது அவர்களைப் பற்றி அல்ல. அவர்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1974-இல், இதே பெயரில் ஓர் இத்தாலிய ராக் குழு இருந்தது. ஆறு பேரும் அதற்கு முன்பே வெவ்வேறு குழுக்களில் பெயர் எடுத்தவர்கள். இரண்டே ஆல்பங்கள் வெளியிட்டுப் பிரிந்துபோனார்கள். முதல் ஆல்பத்துக்கும் குழுவின் பெயர்தான்: 'இல் வோலோ', அதாவது 'பறத்தல்'.

புரோகிரசிவ் ராக் என்றதும் இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தை நிரப்பும் தொடர்கதை போன்ற பாட்டையும், பத்து நிமிட ஆர்கன் தனி ஆவர்த்தனத்தையும் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த ஆல்பம் முதல் கேட்பில் சப்பென்று இருக்கும். ஒன்பது பாடல்கள், எதுவும் வானொலிப் பாட்டின் நீளத்தைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. பல்லவி, சரணம் என்று பிடித்துக்கொள்ள மெட்டு இருக்கிறது. இது சமரசம் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு தவறு என்பதே எங்கள் கருத்து. புரோகிரசிவ் ராக்கின் கருவிகளையும் தாள நெளிவுகளையும் நான்கு நிமிடப் பாட்டுக்குள் எதுவும் பிதுங்காமல் அடுக்குவது, இருபது நிமிடம் நீட்டுவதைவிடக் கடினமான வேலை. அந்த வேலையைச் செய்யத் தகுதியான ஆறு பேர் 1974-இல் மிலானில் ஒரே அறையில் இருந்தார்கள்.

யார் இந்த ஆறு பேர்

கிட்டாரும் குரலும் ஆல்பெர்தோ ராதியுஸ். ஆர்கன், சின்தசைசர் பக்கம் கப்ரியேலே லோரென்ஸி. இருவரும் 'ஃபோர்முலா த்ரே' குழுவிலிருந்து வந்தவர்கள். டிரம்ஸ் வாசித்தபடி பாடிய டோனி சிக்கோவோடு சேர்ந்து மூவராக இயங்கிய அந்தக் குழு 1970 முதல் 1973 வரை 'தியெஸ் ஈரே', 'ஃபோர்முலா 3', 'சொஞ்ஞாந்தோ எ ரிசொஞ்ஞாந்தோ', 'லா கிராந்தே காஸா' என்று நான்கு ஆல்பங்கள் வெளியிட்டது. மூன்றாவதில் நீண்ட தொடர் பாடல்கள். இத்தாலிய புரோகிரசிவ் ரசிகர்கள் இன்றும் போற்றுவது அதைத்தான்.

இரண்டாவது கிட்டாரும் இரண்டாவது குரலும் மாரியோ லவெட்ஸி. 'கமலெயோன்தி' குழுவில் கிட்டார் வாசித்தவர், பிறகு 'ஃப்ளோரா ஃபவுனா செமென்தோ' என்ற குழுவை நடத்தியவர். அதைவிட முக்கியம், அவர் மெட்டுக்காரர். 'திக் திக்' குழு பாடி 1969-இல் பெருவெற்றி பெற்ற 'இல் ப்ரிமோ ஜோர்னோ தி ப்ரிமவேரா' அவருடைய மெட்டு.

பியானோவிலும் அதன் மின் உறவினர்களிலும் வின்ஸ் தெம்பெரா. இசை ஒழுங்கமைப்பாளராகவும் ஸ்டூடியோ வாசிப்பாளராகவும் மிலானில் பரபரப்பாக இருந்தவர். பாடகர் ஃப்ரான்செஸ்கோ குச்சீனியின் 1972 ஆல்பமான 'ராதீச்சி'யில் அவருடைய கை உண்டு.

பேஸ் கிட்டார் பாப் கல்லேரோ. பாடகர் ஃப்ராங்கோ பத்தியாத்தோ தொடக்கத்தில் பங்குபெற்று விலகிய 'ஓசேஜ் ட்ரைப்' குழுவின் 'ஆரோ ஹெட்' (1972), அதன்பின் ஜாஸ் பக்கம் சாய்ந்த 'துவெல்லோ மாத்ரே' (1973) இரண்டிலும் வாசித்தவர். ஆறு பேரில் ஜாஸ்-ராக்கை உள்ளே கொண்டுவந்தது முதன்மையாக இவர்தான்.

டிரம்ஸ் ஜான்னி தல்லால்யோ. பாடகர் அத்ரியானோ செலெந்தானோவுக்குப் பின்னணி வாசித்து வளர்ந்த 'இ ரிபெல்லி' குழுவின் ஆள். அந்தக் குழுவின் 1967 வெற்றிப்பாட்டு 'பூஞ்ஞி கியூஸி'யின் மெட்டில் இவருக்குப் பங்கு உண்டு. பாடியவர் தெமெத்ரியோ ஸ்த்ராத்தோஸ், பின்னாளில் 'ஆரெயா' குழுவின் குரல்.

இந்தப் பட்டியலில் இருவர் பாடகர்கள், நால்வர் மெட்டுப் போடத் தெரிந்தவர்கள், அனைவரும் கூலிக்கு வாசித்துப் பழகியவர்கள். காலையில் ஒரு காதல் பாட்டு, மதியம் ஒரு விளம்பரம், இரவில் ஒரு ராக் ஆல்பம் என்று வாசிக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடும்: பாட்டுக்குத் தேவையானதை மட்டும் வாசிப்பது, முதல் இரண்டு மூன்று டேக்குகளில் முடிப்பது, மற்றவன் வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டே தன் பாகத்தைச் சுருக்குவது. 'இல் வோலோ' ஆல்பத்தின் ஒலியில் முதலில் உணர வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

நூமெரோ ஊனோ என்ற தறி

இவர்களை இணைத்த நூல் 'நூமெரோ ஊனோ' என்ற இசைத்தட்டு நிறுவனம். பாடலாசிரியர் மொகோலும் (இயற்பெயர் ஜூலியோ ரபெத்தி) பாடகர், மெட்டுக்காரர் லூச்சோ பத்தீஸ்தியும் உள்ளிட்டோர் 1969-இல் மிலானில் தொடங்கியது. விநியோகம் ஆர்.சி.ஏ இத்தாலியானா. நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டே ஃபோர்முலா த்ரேயின் 'குவெஸ்தோ ஃபோல்லே சென்திமென்தோ'. 'ப்ரெமியாதா ஃபோர்னெரியா மார்கோனி' என்ற புரோகிரசிவ் குழுவின் முதல் இரு ஆல்பங்களும் 1972-இல் இங்கிருந்துதான் வந்தன. வெகுஜனப் பாட்டையும் புரோகிரசிவ் ராக்கையும் ஒரே கூரையின் கீழ் வளர்த்த இடம் அது. இரண்டுக்கும் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

பத்தீஸ்தி மேடை ஏறி ஊர் ஊராகச் சென்றது 1970-இல் ஒரே ஒருமுறை. பின்னணி வாசித்தது ஃபோர்முலா த்ரே. 1972 ஏப்ரல் 23 அன்று இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராயின் 'தெயாத்ரோ 10' நிகழ்ச்சியில் இத்தாலியப் பாடகி மீனாவும் பத்தீஸ்தியும் சேர்ந்து பாடிய தொகுப்பு இத்தாலியர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று. அதில் பின்னால் வாசித்த ஐவரில் ஆர்கனில் லோரென்ஸி, டிரம்ஸில் தல்லால்யோ. ஆகவே 1974-இல் இந்த ஆறு பேரும் திடீரென்று அறிமுகமாகிக் கூடவில்லை. ஒருவர் வாசிப்பின் நெளிவு மற்றவருக்கு அத்துப்படி. 'சூப்பர் குரூப்' (ஏற்கெனவே பெயர் எடுத்தவர்கள் கூடும் குழு) என்ற விளம்பரப் பெயரின் கீழ் ஒட்டவைக்கப்பட்ட பல குழுக்களில் இல்லாத பொருத்தம் இங்கே இருப்பதற்குக் காரணம் அதுவே.

பேஸ் இல்லாத குழுவிலிருந்து பேஸ் உள்ள குழுவுக்கு

ஃபோர்முலா த்ரேயில் பேஸ் கிட்டார்காரர் கிடையாது. கீழ்ச்சுரங்களை லோரென்ஸி தன் கீபோர்டுகளிலேயே வாசித்தார். அதன் விளைவை அந்தக் குழுவின் பழைய தட்டுகளில் கேட்கலாம்: கனமான, சற்று மெதுவாக நகரும் அடித்தளம். ஆர்கனில் வாசிக்கும் கீழ்ச்சுரம் விரலை எடுக்கும்வரை ஒரே பலத்தில் நிற்கும். பேஸ் கிட்டாரின் சுரமோ மீட்டிய கணமே தேயத் தொடங்கும். அந்தத் தேய்வில்தான் டிரம்ஸுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

கல்லேரோ வந்ததும் லோரென்ஸியின் இடது கை செய்ய வேண்டிய முதல் வேலை, பேசாமல் இருப்பது. ஆர்கன்காரர்களுக்கு இது எளிதல்ல. ஹாம்மண்ட் ஆர்கனில் ஒலிநிறத்தைத் தீர்மானிப்பவை ஒரு தொகுதிக்கு 9 இழுகம்பிகள். முதல் கம்பி 16 அடி (பழைய குழாய் ஆர்கனின் குழாய் நீளத்தால் வந்த பெயர்). அதை இழுத்தால் வாசிக்கும் சுரத்துக்கு ஓர் ஆக்டேவ் கீழே இன்னொரு ஒலி சேர்ந்து வரும். மூவர் குழுவில் அது தேவை. பேஸ் கிட்டார் உள்ள குழுவில் அதே கம்பியை வெளியே வைத்திருந்தால் அடிப்பகுதி முழுக்கச் சேறாகிவிடும். ஆகவே 16 அடியை உள்ளே தள்ளிவிட்டு, 8 அடியிலும் அதற்கு மேலும் வேலை செய்ய வேண்டும். இடது கை நடுப்பகுதிக்கு மேலே ஏற வேண்டும். ஃபோர்முலா த்ரேயின் 'தியெஸ் ஈரே'யையும் 'இல் வோலோ'வையும் அடுத்தடுத்துக் கேட்டால், தொடக்கத்தில் தெரியும் பெரிய வேறுபாடு இதுதான். இரண்டாவதில் அடித்தளம் லேசானது, துள்ளுவது. தல்லால்யோ சிறு தட்டல்களை உள்ளே நுழைக்க அதனால் முடிகிறது.

இரண்டு கிட்டார், இரண்டு கீபோர்டு: எங்கே சிக்கும், எப்படி அவிழ்க்கலாம்

இந்தக் குழுவின் அமைப்பைக் காகிதத்தில் பார்த்தால் ஒலிக்கலவையாளர் தலையில் கை வைப்பார். பேஸ் கிட்டாரின் அடிநரம்பு ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் அடிநரம்பு 82 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே, ஏறக்குறைய 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் கிட்டாரின் நடுநரம்புகள், ஆர்கனின் உடல், ஃபெண்டர் ரோட்ஸ் போன்ற மின்பியானோவின் இடது கைப் பகுதி, ஆண் குரலின் கனம் எல்லாம் வந்து குவியும். நான்கு கருவிகள் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) ஒரே இடத்தில் பிடித்தால் எதுவும் தனியாகக் கேட்காது, குரல் புதைந்துபோகும். பாடகர் அதைச் சரிசெய்யக் கத்துவார். கத்தினால் சொல் உடையும். கலவையில் குரலை ஏற்றினால் குழு சிறியதாகத் தோன்றும். இந்தச் சங்கிலியைத் தொடங்கிய இடத்திலேயே, அதாவது ஒழுங்கமைப்பிலேயே வெட்டியாக வேண்டும்.

அதற்கு உள்ள வழிகள் நான்கு. இந்த ஆல்பத்தில் நான்கும் உண்டு.

முதலாவது, கருவியின் குணத்தால் பிரிப்பது. பியானோ வகைக் கருவிகள் தெம்பெராவிடம், நீடித்து நிற்கும் ஆர்கனும் சின்தும் லோரென்ஸியிடம். ஒன்று தட்டித் தேயும் ஒலி, மற்றது நின்று நிரப்பும் ஒலி. தட்டல் தாளத்தைச் சொல்லும். நிரப்பல் கார்டைச் சொல்லும். இரண்டும் ஒரே கார்டை வாசித்தாலும் காது இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது.

இரண்டாவது, உயரத்தால் பிரிப்பது. ஒரு கிட்டார் கீழ்நரம்புகளில் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு சுரத்தொடர்) பிடித்தால் மற்றது பன்னிரண்டாம் கட்டைக்கு மேலே. இரு கிட்டாரும் ஒரே மெட்டை மூன்றாம் சுர இடைவெளியில் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் கீபோர்டுகள் ஒதுங்குவதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, நேரத்தால் பிரிப்பது. சிக்கலான வேலை இதுதான். கிளாவினெட் என்ற மின் கீபோர்டு போன்ற கருவி தாளக் கிட்டாருக்கு நேரடிப் போட்டி. இரண்டும் குறுகிய, கடித்து விடுகிற ஒலிகள். இரண்டையும் ஒரே அரைத்தட்டில் வைத்தால் அடி தடித்து, மெதுவாகக் கேட்கும். ஒன்றை அடியிலும் மற்றதை அடிகளுக்கு இடையிலும் வைத்தால் ஒரே கருவி இரு மடங்கு வேகத்தில் ஓடுவது போலத் தோன்றும். இது எழுதி வைத்து வருவதில்லை, பக்கத்து ஆளைக் கேட்டுக்கேட்டு வருவது. பத்து வருடம் ஸ்டூடியோவில் உட்கார்ந்தவர்களிடம்தான் இயல்பாக இருக்கும்.

நான்காவது, இடத்தால் பிரிப்பது. ஒரு கிட்டார் இடது, ஒன்று வலது. கீபோர்டுகள் அதற்கு எதிர்ப்பக்கம். பேஸ், டிரம்ஸின் உதைமேளம், குரல் நடுவில். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடிக் கேட்டுப் பாருங்கள். பாட்டின் பாதி எலும்புக்கூடு தெரியும். மறு காதில் மறு பாதி.

இதையெல்லாம் அந்தக் காலத்து நாடாவில் செய்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1970களின் நடுவில் நல்ல ஸ்டூடியோ என்றால் 16 தடம். டிரம்ஸுக்கு நான்கைந்து, பேஸுக்கு ஒன்று, இரு கிட்டாருக்கும் இரு கீபோர்டுக்கும் குறைந்தது நான்கு, முதன்மைக் குரலுக்கு ஒன்று என்று எண்ணினாலே பத்தைத் தாண்டிவிடும். மீதியில் துணைக்குரல்களும் மேலடுக்குகளும் அடங்கியாக வேண்டும். இடம் போதாதபோது நான்கைந்து குரல் தடங்களை ஒன்றாகக் கலந்து வேறொரு தடத்தில் பதிவார்கள். அப்படி ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும், உச்சச்சுரத்தின் பளபளப்பு குறையும், கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது. பல தடம் தின்னும் பிரம்மாண்டங்களைக் குழுக்கள் விரும்பிய காலத்தில், ஆறு பேரும் ஒரே நேரத்தில் வாசித்து முடித்துவிடக்கூடிய ஒழுங்கமைப்பு இவர்களுக்குப் பெரிய சொத்து.

மெட்டுக்குப் பாட்டு, மொகோல் வழியில்

பாடல் வரிகள் மொகோல். 1936-இல் மிலானில் பிறந்தவர். பத்தீஸ்தியோடு அவர் வேலை செய்த முறை பரவலாகத் தெரிந்தது: முதலில் மெட்டு, பிறகு வரி. இத்தாலிய மொழியில் அப்படி எழுதுவதற்கு ஒரு தொல்லை உண்டு. பெரும்பாலான இத்தாலியச் சொற்கள் உயிரில் முடிபவை, அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழுபவை. ஆங்கில, அமெரிக்க ராக் வழக்கத்தில் பிறந்த மெட்டுகளோ வரியின் முடிவில் ஒரே ஒரு கனமான சுரத்தில் நிற்க விரும்புபவை. அந்தச் சுரத்துக்குக் கடைசி அசையில் அழுத்தம் உள்ள சொல் வேண்டும்; அப்படிப்பட்டவை குறைவு. இத்தாலியப் பாடலாசிரியர்கள் காலகாலமாகச் செய்துவந்தது, எதிர்கால வினைகளிலும் ஒற்றை அசைச் சொற்களிலும் அடைக்கலம் புகுவது, அல்லது சொல்லின் வாலை வெட்டுவது. அதனால் பாட்டு பேச்சிலிருந்து விலகிப் பழங்கவிதை போலக் கேட்கும். மொகோலின் திறமை, அந்த இடுக்கிலும் அன்றாடப் பேச்சு வாசனை போகாமல் எழுதியது.

இந்த ஆல்பத்தின் தலைப்புகளிலேயே அந்த வாசனை உண்டு. 'கொமே ஊனா ட்ஸன்ட்ஸாரா' (கொசுவைப் போல), 'லா மியா ரிவொலுட்ஸியோனே' (என் புரட்சி), 'இல் கலோரே உமானோ' (மனிதக் கதகதப்பு), 'பெர் நதாலே' (கிறிஸ்துமஸுக்காக), 'இல் கந்தோ தெல்லா ப்ரெயிஸ்தோரியா' (வரலாற்றுக்கு முந்தைய காலத்தின் பாட்டு, துணைத்தலைப்பு 'மூலக்கூறுகள்'), 'இ ப்ரிமி ரெஸ்பீரி' (முதல் மூச்சுகள்), 'லா கன்ட்ஸோனே தெல் நொஸ்த்ரோ தெம்போ' (நம் காலத்துப் பாட்டு), 'சொன்னோ' (உறக்கம்), 'சின்ஃபோனியா தெல்லே ஸ்கார்பே தா தென்னிஸ்' (டென்னிஸ் ஷூக்களின் சிம்பொனி). தேவதைகள் இல்லை, அண்டவெளிப் போர் இல்லை. அதே ஆண்டுகளில் 'லே ஓர்மே' குழு இரு கோள்களின் கதையை முழு ஆல்பமாகப் பாடிக்கொண்டிருந்தது. இங்கே கொசு, மூச்சு, தூக்கம், ஷூ. புரோகிரசிவ் ராக்கின் சொல்வளத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த ஆல்பம் என்று இதை நாங்கள் மதிப்பது அதனால்தான்.

எப்படிக் கேட்பது

ஒரே அமர்வில் மூன்று முறை கேட்பது நல்லது. ஒன்பது குறும்பாடல்கள்தான், நேரம் அதிகம் ஆகாது. முதல் முறை மெட்டை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் முறை கல்லேரோவையும் தல்லால்யோவையும் மட்டும் பின்தொடருங்கள். பேஸ் எப்போது உதைமேளத்தோடு ஒட்டுகிறது, எப்போது விலகி மெட்டுக்கு எதிர்மெட்டு வாசிக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். மூன்றாம் முறை இரு கீபோர்டுகள்.

கேட்கும் கருவியில் ஒரு எச்சரிக்கை. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இந்த ஆல்பம் சாதாரண மெல்லிசையாகச் சுருங்கிவிடும். பேஸும் கீபோர்டின் உள் அசைவுகளும் காணாமல் போய், மிஞ்சுவது குரலும் ஒரு கிட்டாரும்தான். 'வெறும் பாப் பாட்டு' என்ற தீர்ப்பில் பாதி இப்படிப் பிறக்கிறது. பேஸைக் கூட்டி வைக்கும் ஈக்வலைசர் அமைப்பும் உதவாது. அது அந்த லேசான அடித்தளத்தை ஊதிப் பெருக்கி நடுப்பகுதியை மூடிவிடும். எதையும் கூட்டாமல் குறைக்காமல், சுமாரான ஹெட்போன் ஒன்றில் கேட்டாலே போதும்.

ராதியுஸின் கிட்டார் பற்றித் தனியாக ஒரு சொல். வேகம் காட்டுவது அவர் நோக்கமல்ல. ஒரு சுரத்தை வளைத்து உயர்த்தும்போது இலக்குச் சுரத்தை உடனே தொடாமல் சற்றுத் தாமதித்துத் தொடுவார்; குரல் பாடுவது போல இருக்கும். அவரே பாடகர் என்பது விரலில் தெரிகிறது. தனி ஆவர்த்தனங்கள் சுருக்கமானவை, பாட்டின் இடையிசையாகவே உட்காருபவை. அவருடைய 1972 தனி ஆல்பமான 'ராதியுஸ்' பல குழுக்களின் ஆட்களைச் சேர்த்து ஜாம் முறையில் (முன்கூட்டி எழுதாமல் சேர்ந்து வாசித்து) உருவானது. அங்கே அவர் தாராளமாக நீட்டுவார். இரண்டையும் ஒப்பிட்டால் இங்கே எவ்வளவு அடக்கி வாசித்திருக்கிறார் என்பது விளங்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஆறு பேரின் பண்பட்ட கை சில இடங்களில் பாட்டை அளவுக்கு மீறி மெருகேற்றிவிடுகிறது. ஆபத்தான ஒரு திருப்பம் வரும் என்று காது காத்திருக்கும்போது பாட்டு ஒழுங்காக முடிந்துவிடும். குழுவுக்கு ஒரே முகம், ஒரே குரல் என்று ஒன்றும் அமையவில்லை. ஆரெயா என்றால் ஸ்த்ராத்தோஸின் குரல் நினைவுக்கு வரும். இல் வோலோ என்றால் ஒரு கூட்டு ஒலிதான் நினைவுக்கு வருகிறது.

ஏன் ஓடவில்லை

1974 இத்தாலி அமைதியாகப் பாட்டுக் கேட்கும் நாடாக இல்லை. எண்ணெய் நெருக்கடியின் சிக்கனம், மே 12, 13 தேதிகளில் விவாகரத்துச் சட்டம் குறித்த பொதுவாக்கெடுப்பு, மே 28 அன்று பிரேஷாவில் குண்டுவெடிப்பு, ஆகஸ்டில் இத்தாலிகுஸ் ரயிலில் இன்னொன்று. ராக் இசை கேட்ட இளைஞர்களில் பெரும்பகுதி இடதுசாரி அரங்குகளில் இருந்தது. அங்கே பாட்டு எந்தப் பக்கம் என்பதே முதல் கேள்வி. 1973-இல் வந்த ஆரெயாவின் முதல் ஆல்பம் நேரடியாக அரசியல் பேசியது. கிராம்ப்ஸ் போன்ற இசைத்தட்டு நிறுவனங்கள் அந்தப் பார்வையாளருக்காகவே இயங்கின. மொகோல், பத்தீஸ்தி வட்டமோ தனிமனித உறவுகளையே பாடுகிறது என்ற குற்றச்சாட்டோடு வாழ்ந்தது. அந்தச் சூழலில் 'என் புரட்சி' என்ற தலைப்பு, 'என்' என்ற சொல்லாலேயே, யாரைக் கவர வேண்டுமோ அவர்களிடமிருந்தே விலகியது. மறுபுறம், வெறும் மெல்லிசை வாங்குபவர்களுக்கு இந்த இசையின் இடைநெளிவுகள் அதிகம். இரண்டு கடைக்கும் நடுவில் பொருள் நின்றுவிட்டது.

மேடையும் கைகொடுக்கவில்லை. 1971 ஜூலை 5 அன்று மிலானின் விகொரெல்லி அரங்கில் 'லெட் செப்பலின்' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கச்சேரி கண்ணீர்ப்புகையில் முடிந்ததிலிருந்து பெரிய ராக் நிகழ்ச்சி என்றாலே கலவர அச்சம். நுழைவுக் கட்டணமே கூடாது என்று வாசலில் மோதும் குழுக்கள் வலுத்தன; 1975 பிப்ரவரியில் அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் இத்தாலியக் கச்சேரிகள் அப்படித்தான் குலைந்தன. ப்ரெமியாதா ஃபோர்னெரியா மார்கோனி போன்ற குழுக்கள் ஊர் ஊராக வாசித்துத் தங்கள் கூட்டத்தைச் சேர்த்திருந்தன. இல் வோலோ அடிப்படையில் ஸ்டூடியோக் குழு, அடிக்கடி மேடையேறவில்லை. புரோகிரசிவ் ஆல்பம் விற்பது வானொலியால் அல்ல, கச்சேரி முடிந்து வெளியே வருபவர் மறுநாள் கடைக்குப் போவதால்தான். அந்தச் சங்கிலி இவர்களுக்கு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, சூப்பர் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஆறு பேருக்கும் வெளியே வேலை நிறைய. ஒத்திகைக்கு ஒதுக்கும் ஒவ்வொரு நாளும் வேறொரு பதிவின் ஊதியத்தை இழக்கும் நாள். வறுமையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இளங்குழுவுக்குக் குழுதான் ஒரே பாதை; இவர்களுக்கு அப்படி இல்லை. முதல் தட்டு ஓடாவிட்டால் பொறுத்துப் பார்க்க யாருக்கும் கட்டாயம் கிடையாது.

இருந்தும் 1975-இல் இரண்டாவது தட்டு வந்தது: 'எஸ்ஸெரே ஓ நோன் எஸ்ஸெரே? எஸ்ஸெரே, எஸ்ஸெரே, எஸ்ஸெரே!' பெரும்பாலும் கருவியிசை, ஜாஸ்-ராக்கை நோக்கிய தெளிவான நகர்வு, மத்திய கிழக்குச் சாயல். புரோகிரசிவ் ரசிகர்கள் பலர் இதையே உயர்வாகச் சொல்வார்கள். வாசிப்பின் சுதந்திரத்தில் அது மேல்தான். ஆனால் முதல் ஆல்பத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் இறுக்கம் அதில் தளர்ந்துவிட்டது. அதோடு குழு பிரிந்தது.

பிரிந்தவர்கள் சென்ற இடங்களைப் பார்த்தால் இந்த ஆல்பத்தில் பழகிய வித்தை வீணாகவில்லை என்று தெரியும். ராதியுஸ் 1979 முதல் பத்தியாத்தோவின் ஆல்பங்களில் கிட்டார் வாசித்தார். 1981-இன் 'லா வோச்சே தெல் பத்ரோனே' இத்தாலியப் பாப் இசையின் போக்கையே திருப்பியது. 1990-இல் ஃபோர்முலா த்ரே மீண்டும் கூடியது. ராதியுஸ் 2023 பிப்ரவரியில் காலமானார். லவெட்ஸி, பாடகி லொரெதானா பெர்த்தேயின் 'எ லா லூனா புஸ்ஸோ' (1979) போன்ற மெட்டுகளோடு தயாரிப்பாளராக உயர்ந்தார். தெம்பெரா திரையிசைக்கும், 1978-இல் ஜப்பானிய ரோபோ கார்ட்டூனுக்கான 'ஊஃபோ ரோபோத்' தலைப்புப் பாட்டுக்கும் போனார். ஒரு தலைமுறை இத்தாலியக் குழந்தைகளுக்கு அவர் விரல்கள் அந்த வழியாகத்தான் அறிமுகம்.

வாங்குவோருக்கு

ஸ்ட்ரீமிங் செயலிகளில் இரு இல் வோலோக்களும் ஒரே பெயர்ப் பக்கத்தில் கலந்து கிடப்பது சகஜம். குழுவின் பெயரால் தேடாமல் 'சின்ஃபோனியா தெல்லே ஸ்கார்பே தா தென்னிஸ்' என்ற பாடலின் இத்தாலியத் தலைப்பால் தேடினால் குழப்பம் வராது. ஓபரா மூவருக்கும் இதே பெயரில் ஆல்பம் உண்டு என்பதால், வாங்கும் முன் பாடல் பட்டியலில் ஒன்பது பாடல்கள், அவற்றில் முதலாவது கொசுப் பாட்டு என்பதைச் சரிபாருங்கள்.

பழைய வினைல் தேடுபவர்கள் விற்பவர் சொல்லும் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். லேபிளில் நூமெரோ ஊனோ சின்னமும், இத்தாலிய உரிமைச் சங்கமான எஸ்.ஐ.ஏ.இ-யின் குறியும் இருக்க வேண்டும். பாடல் பள்ளம் முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்றுப் பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். இத்தாலியத் தட்டுகள் பலவற்றில் அங்கே அச்சு எண்ணோடு தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். அது மூலத்தகடு வெட்டிய தேதி, தட்டு அழுத்திய தேதி அல்ல. அதே மூலத்தகட்டிலிருந்து பின்னாளிலும் அழுத்தியிருக்கலாம். ஆகவே தேதி, லேபிள், உறையின் காகிதம் மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே முதல் பதிப்பு விலை கொடுக்கலாம். இசைக்காக மட்டும் வாங்குவதென்றால் அந்தச் செலவு தேவையில்லை. பாடல்கள் சுருக்கமானவை என்பதால் ஒரு பக்கத்தில் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கீறல் இல்லாத மறுபதிப்பும் நன்றாகவே ஒலிக்கும்.